மடியில் 24 ஜன்னல்

கிளம்புவதற்கு முந்தின இரவு

நாளை விடிகாலையில் கிளம்புகிறோம், நானும் அக்காவும். ஏழு நாள். முதலில் ரயில், அப்புறம் மலைப்பாதையில் பஸ், நடுவே ஒரு விமானம், திரும்பி வர மறுபடி ரயில். ஊர்ப் பெயர்களும் பார்த்த இடங்களும் இந்தக் குறிப்புகளில் வராது. அதையெல்லாம் அக்கா படம் எடுத்து சொந்தபந்தம் மொத்தத்துக்கும் அனுப்பிவிடுவாள். நான் எழுதப்போவது இந்த ஏழு நாளும் என் மடியில் கிடக்கப்போகிற துணியைப் பற்றி.

கதீட்ரல் விண்டோ என்று அதற்குப் பெயர். பெரிய தேவாலயங்களில் வண்ணக் கண்ணாடி ஜன்னல் பார்த்திருப்பீர்கள். அந்த மாதிரி, வளைந்த வெள்ளைச் சட்டங்களுக்கு நடுவே வண்ணத் துண்டுகள் தெரியும். குவில்ட் வகையில் சேர்க்கிறார்களே தவிர, கறாராகப் பார்த்தால் இது குவில்ட் ஆகாது. குவில்ட்டுக்கு மேல்துணி வேண்டும், நடுவில் பஞ்சு வேண்டும், அடித்துணி வேண்டும், மூன்றையும் சேர்த்துப் பிடிக்கும் தையல் வேண்டும். இதில் பஞ்சும் இல்லை, தனி அடித்துணியும் இல்லை. துணியை மடித்து மடித்தே கனம் ஏற்றுகிறோம். ஒரு ஜன்னலைத் தைத்து முடித்தால் அது முழுசாக முடிந்தது. முன்பக்கமும் ஆச்சு, பின்பக்கமும் ஆச்சு. பயணத்துக்கு இதைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுதான் காரணம்.

இன்று முழுக்க இஸ்திரிப் பெட்டியோடுதான் போனது. 9 அங்குலச் சதுரமாக வெட்டிய வெள்ளைக் காடாத்துணி. நாலு பக்கமும் கால் அங்குலம் உள்ளே மடித்துத் தேய்த்தால் 8½ ஆகும். நாலு முனையையும் நடுவுக்குக் கொண்டுவந்து மடித்தால் 6 அங்குலச் சொச்சம். அந்தச் சதுரத்தின் நாலு முனையையும் மறுபடி நடுவுக்கு மடித்தால் 4¼. ஒவ்வொரு மடிப்பிலும் பரப்பு சரிபாதியாகிறது. ஆக, கைக்குட்டை அளவில் ஆரம்பித்து உள்ளங்கை அளவில் நிற்கிறோம், நாலு அடுக்கோடு. கையால் மடித்துக்கூடச் செய்யலாம். ஆனால் மடிப்புக்கோடு கத்தி மாதிரி இருந்தால்தான் பிற்பாடு வேலை சுளுவு. இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பயணம் போக முடியாது, அதனால் வீட்டிலேயே முடித்துவிட்டேன்.

இந்த முறை ஒரு திண்டு உறைக்கான முன்பக்கம் மட்டும். வரிசைக்கு 4 வீதம் 4 வரிசை, 16 சதுரம். பக்கத்துப் பக்கத்துச் சதுரம் இரண்டு சேருகிற ஒவ்வொரு இடத்திலும் ஒரு ஜன்னல் வரும், மொத்தம் 24. கட்டில் விரிப்பு செய்யவில்லையா என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. இதே அளவில் 20-க்கு 22 என்று போட்டால் 440 சதுரம், 838 ஜன்னல். 42 அங்குல அகலத் துணியில் வெள்ளை மட்டுமே 25 மீட்டருக்கு மேல் விழுங்கும். ஏழு நாள் இல்லை, ஏழு வருஷம் கேட்கும் என்னிடம்.

மூக்குக்கண்ணாடிக் கூடு ஒன்றில் ஊசி ஐந்து, நூல்கண்டு ஒன்று, சின்னக் கத்தரிக்கோல், ஊசி குத்தாமல் விரலில் மாட்டும் அங்குஸ்தான். கூட்டின் மூடிக்கு உள்பக்கம் ஒரு வட்டக் காந்தத்தை ஒட்டியிருக்கிறேன், ஊசிகள் அதில் பிடித்துக்கொள்ளும். ஜிப் வைத்த பையில் 16 சதுரமும் 24 வண்ணத் துண்டும். எல்லாம் சேர்த்துத் தடியான ஒரு நாவல் அளவு.

“அஞ்சு ஊசி எதுக்கு? ஒரு கைதானே?” என்றாள் அக்கா.

முதல் நாள், ரயில்

ஜன்னலோர இருக்கை அக்காவுக்குப் போய்விட்டது. எனக்கு வெளிச்சம் வந்தால் போதும்.

இன்றைய வேலை நடுமுடிச்சு. மடித்த சதுரத்தில் நாலு முனையும் நடுவில் வந்து முட்டுகின்றன அல்லவா, அந்த நாலையும் சேர்த்து எல்லா அடுக்கிலும் ஊசி இறங்கும்படி கூட்டல் குறி மாதிரி இரண்டு தையல், அதன் மேலேயே இன்னும் ஒரு முறை. ஒரு சதுரத்துக்கு மூன்று நான்கு நிமிஷம். கண் வைத்துப் பார்க்க வேண்டியது அந்த ஒரு புள்ளியைத்தான். ரயிலுக்கென்றே செய்த வேலை. வண்டி சீராக ஆடினால் கையும் அதோடு சேர்ந்து ஆடப் பழகிவிடுகிறது. ஸ்டேஷனுக்கு முன்னால் தண்டவாளம் மாறும்போது ஒரு வெட்டு வெட்டும் பாருங்கள், அங்கேதான் ரத்தம். ஏழாவது சதுரத்தில் ஒரு பொட்டு விழுந்தது. ரத்தக்கறைக்கு உடனே பச்சைத்தண்ணீர். வெந்நீர் பட்டால் கறை பிடித்துக்கொள்ளும். கர்ச்சீப் நுனியை நனைத்து ஒற்றி எடுத்தேன், போய்விட்டது.

நூல் முழங்கையிலிருந்து விரல்நுனி வரை நீளம் போதும். அதற்கு மேல் எடுத்தால் மிச்சப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு முடிச்சுகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்போம். இரண்டு மூன்று சதுரத்துக்கு ஒரு முறை ஊசியைத் தொங்கவிட்டால் அதுவே பம்பரம் மாதிரி சுற்றி முறுக்கைப் பிரித்துக்கொள்ளும்.

எதிர் இருக்கையில் வயதான ஓர் அம்மா. வெகுநேரம் பார்த்துவிட்டு, “என்னம்மா, கர்ச்சீப்பா?” என்றார்.

“இல்லம்மா, திண்டு உறை.”

வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இத மெஷின்ல போட்டா அரை நாள்ல முடிஞ்சிடாதா?”

நியாயமான கேள்வி. சதுரங்களைச் சேர்ப்பதை மெஷினில் செய்யலாம், ஜன்னல் ஓரத்தையும் மெஷினில் ஓட்டுகிறவர்கள் உண்டு. ஆனால் அப்போது தையல் மேலே கோடு போட்ட மாதிரி தெரியும். “மெஷினை ரயில்ல கொண்டுவர முடியாதேம்மா” என்று மட்டும் சொன்னேன். சிரித்தார்.

அவருடைய பேத்திக்கு ஏழு வயது இருக்கலாம். பழைய நோட்டுத்தாளைக் கிழித்து, நாலு முனையையும் நடுவுக்கு மடித்து, விரல்களில் மாட்டித் திறந்து மூடும் பொம்மை செய்தாள். என் கையைப் பார்த்துவிட்டு, “ஆன்ட்டி, நீங்க தப்பா மடிச்சிருக்கீங்க. ரெண்டாவது மடிக்கிறப்போ திருப்பிப் போடணும்” என்றாள். அவளுடைய பொம்மைக்குத் திருப்ப வேண்டும்தான். என் ஜன்னலுக்குத் திருப்பாமல் அதே முகத்தில் மடிக்க வேண்டும். எடுத்துச் சொன்னேன், ஒப்புக்கொள்ளவில்லை. இறங்கும்போதும் “தப்பு” என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

16 நடுமுடிச்சும் முடிந்தன. ஜோடி சேர்ப்பதில் ஒன்று ஆனது.

இரண்டாம் நாள், பஸ்

மலைப்பாதை. வளைவுக்கு வளைவு வயிறு கேள்வி கேட்டது. குனிந்து மடியைப் பார்த்தால் கண் ‘எல்லாம் அசையாமல் இருக்கிறது’ என்கிறது, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு ‘இல்லை, சுழல்கிறோம்’ என்கிறது. இரண்டுக்கும் நடக்கிற சண்டையில் தலை கிறுகிறுக்கிறது. எத்தனை கைப்பழக்கம் இருந்தாலும் வளைவுப் பாதையில் ஊசியை எடுக்காதீர்கள்.

பஸ் ஓரிடத்தில் முக்கால் மணி நேரம் நின்றது. அங்கே ஒரு ஜோடி சேர்த்தேன். இரண்டு சதுரத்தையும் மடித்த முகங்கள் ஒன்றையொன்று பார்க்கும்படி வைத்து, ஒரு பக்கத்து ஓரத்தை மட்டும் சுற்றிச் சுற்றித் தைக்க வேண்டும். 4¼ அங்குலம்தான். நூலை ரொம்ப இழுத்தால் விரித்துப் பார்க்கும்போது நடுவில் மேடு தட்டும், தளர விட்டால் பல்லிளிக்கும். கொஞ்சம் முன்னே பின்னே ஆனாலும் பாதகமில்லை, இந்தத் தையலின் மேல்தான் வண்ணத் துண்டு வந்து உட்காரப்போகிறது.

இதற்கப்புறம் நடந்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. டிரைவர் ஹாரன் அடித்தார், அவசரமாக எல்லாவற்றையும் பைக்குள் திணித்தேன். பத்து நிமிஷம் கழித்துக் கூட்டைத் திறந்தால் காந்தத்தில் நாலு ஊசி. எண்ணினேன், நாலு. மறுபடி எண்ணினேன், நாலு.

ஊசி தொலைவது ஒன்றும் நஷ்டமில்லை. ஆனால் பஸ் சீட்டில் தொலைந்த ஊசி நாளைக்கு யாரையாவது குத்தும். அக்கா எழுந்து நின்று முன்சீட்டு பின்சீட்டு ஆட்களையெல்லாம் காலைத் தூக்கச் சொன்னாள். மூடியைக் கையில் பிடித்துக்கொண்டு சீட்டு, சீட்டின் இடுக்கு, தரை என்று காந்தத்தால் தடவினேன். ஒரு சேஃப்டி பின்னும் யாரோ விட்ட ஹேர்பின்னும் வந்து ஒட்டின. ஊசி வரவில்லை. இறங்கும்போது கண்டக்டரிடம் சொல்லிவிட்டு வந்தேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் முதுகில் இருக்கிறது.

“அதுக்குத்தான் அஞ்சா?” என்றாள் அக்கா.

மூன்றாம் நாள்

நடை, நடை, நடை. கால் வீங்கிவிட்டது. ராத்திரி விளக்கு மங்கலாக இருந்ததால் ஜோடி சேர்ப்பதை மட்டும் பார்த்தேன், அதற்குக் கண் அவ்வளவாக வேண்டாம். எட்டு ஜோடியும் ஆயின. ஜன்னல் இன்னும் பூஜ்யம்.

நான்காம் நாள், மழை

காலையிலிருந்து அறையை விட்டு வெளியே போக முடியவில்லை. அக்காவுக்குச் சலிப்பு, எனக்கு உள்ளூர சந்தோஷம்.

ஜோடிகளை இரண்டிரண்டாகச் சேர்த்து நாலு கூட்டமாக்கினேன். ஒரு கூட்டத்தில் நாலு சதுரம், நாலு ஜன்னல். 16 சதுரத்தையும் ஒரே விரிப்பாகச் சேர்த்துவிட்டால் மடியில் அடங்காது. எங்கே தொட்டாலும் மொத்தமும் சேர்ந்து புரளும். கூட்டமாக வைத்தால் 8½ அங்குலத்துக்கு மேல் எதுவும் போகாது. நாலு கூட்டத்திலும் சேர்த்து 16 ஜன்னலை வழியிலேயே முடிக்கலாம். கூட்டங்களைச் சேர்க்கும்போது வருகிற மிச்ச 8 ஜன்னல் வீட்டு மேசைக்கு. சின்னதாக இருப்பதால் மட்டும் ஒரு வேலை பயணத்துக்கு ஏற்றதாகிவிடாது. ஸ்வெட்டர் பின்னலில் கண்ணிகளை எண்ணிக்கொண்டிருக்கும்போது நடுவில் யாராவது கூப்பிட்டால் போச்சு. இதில் எந்த இடத்தில் ஊசியைக் குத்தி வைத்துவிட்டு எழுந்து போனாலும் ஒன்றும் குறையாது. திரும்பி வந்து அதே தையலிலிருந்து தொடரலாம்.

சரி, முதல் ஜன்னல். இரண்டு சதுரம் சேர்ந்த கோட்டின் மேல், இந்தப் பக்கம் ஒரு முக்கோணம், அந்தப் பக்கம் ஒரு முக்கோணம். இரண்டும் சேர்ந்தால் சாய்ந்து நிற்கிற ஒரு சதுரம், பக்கத்துக்கு 3 அங்குலம். வண்ணத் துண்டை அதில் வைத்தேன். கச்சிதமாக ஓரத்தோடு ஓரம் உட்கார்ந்தது. உட்கார்ந்ததும்தான் தப்பு உறைத்தது. கச்சிதமாக உட்காரவே கூடாது! சட்டத்தை மடக்க இடம் வேண்டும், துண்டு இரண்டேமுக்கால் அங்குலம்தான் இருக்க வேண்டும். வீட்டில் இஸ்திரிக் கணக்கிலேயே மூழ்கிப்போய் 24-ஐயும் மூன்று மூன்றாக வெட்டித் தொலைத்திருக்கிறேன். அப்படியே தைத்தால் முனைகளில் துணி பிதுங்கிக்கொண்டு வெளியே வரும்.

அளவுகோல் இல்லை. டேப் வீட்டில். அறையில் இருந்ததெல்லாம் டிக்கெட்டை அச்சடித்த ஏ4 தாள். அதன் அகலம் 21 செ.மீ. அதைச் சரியாக மூன்றாக மடித்தால் 7 செ.மீ. இரண்டேமுக்கால் அங்குலம் என்பது 6.985 செ.மீ. ஒரு நூல் வித்தியாசம்கூட இல்லை! எனக்கே என்மேல் கொஞ்சம் மரியாதை வந்தது. தாளை மடித்துச் சதுர அட்டை மாதிரி ஆக்கி, துண்டின் ஒரு மூலையோடு பொருத்தி, நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு பக்கத்தை மட்டும் கால் அங்குலம் நறுக்கினேன். நாலு பக்கமும் நறுக்க வேண்டியதில்லை. ஆணி அளவுக் கத்தரிக்கோலால் 24 துண்டு. அக்கா குப்பைக் கூடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எந்தப் பக்கம் நறுக்கினால் பூ போகாது என்று அவள்தான் சொன்னாள்.

அப்புறம் வேலை ஓடியது. இந்த வேலையில் எனக்குப் பிடித்ததே இந்த இடம்தான், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

துணியில் நெட்டாக ஓடும் நூல் உண்டு, குறுக்காக ஓடும் நூல் உண்டு. அந்த இரண்டு திசையில் இழுத்தால் துணி விறைப்பாக நிற்கும். மூலைவாட்டில் இழுத்தால் இளகி நீளும். தையல்காரர்கள் கிராஸ் என்று சொல்வது அதைத்தான். முதல் மடிப்பில் முனை நடுவுக்கு வரும்போது மடிப்புக்கோடு கிராஸில் விழுகிறது. இரண்டாவது மடிப்பில் அந்தக் கிராஸ் கோடுகள்தான் சதுரத்தின் மூலையிலிருந்து நடுவை நோக்கிப் படுத்திருக்கின்றன. ஜன்னலுக்கு நாலு பக்கமும் சட்டமாக இருப்பவை அவைதான். அதனால் கட்டைவிரலால் சட்டத்தின் நடுவைத் துண்டின் மேல் தள்ளினால் அது முரண்டு பிடிப்பதில்லை. வில் மாதிரி வளைந்து வந்து துண்டின் வெட்டோரத்தை மூடிக்கொள்கிறது. சதுரமாக இருந்த ஜன்னல் அந்த ஒரு தள்ளலில் வளைந்த ஓரம் பெற்றுவிடுகிறது. வளைகோல் வைத்து வரையவில்லை, வெட்டவில்லை. முதலில் காடாத்துணியைக் கோணலாக வெட்டியிருந்தால் மட்டும் இது நடக்காது. ஒரு பக்கம் இழுபடும், மறுபக்கம் விறைக்கும்.

மூலைக்குக் கால் அங்குலம் தள்ளி ஊசியை உள்ளிருந்து வெளியே எடுக்கிறேன். சட்டத்தின் ஓரத்தில் இரண்டு இழையை மட்டும் பிடித்து, துண்டுக்குள்ளும் அடி அடுக்கிலும் குத்தி, அங்குலத்துக்குப் பத்து வீதம் தைக்கிறேன். பின்பக்கம் ஊசி எட்டிப்பார்க்கக் கூடாது. மூலைக்கு வரும்போது இந்தச் சட்டமும் அடுத்த சட்டமும் சந்திக்கிற இடத்தில் இரண்டையும் சேர்த்து இரண்டு குறுக்குத் தையல், காஜாவின் முனையில் போடுவோமே அந்த மாதிரி. துண்டின் கூர்முனை அதற்குள் மறைந்துவிடும். ஊசி ஓடுவது முழுக்க வெள்ளைச் சட்டத்தின் மேல் என்பதால் துண்டு என்ன நிறமாக இருந்தாலும் நூல் வெள்ளைதான். ஒரே கண்டு போதும் என்று கிளம்பியது அதை நம்பித்தான். நூல் தீரும்போது முடிச்சுப் போட்டு, வாலை இரண்டு அடுக்குக்கு நடுவே நுழைத்து இழுத்து வெட்டினால் காணாமல் போய்விடும். இந்தச் சதுரங்களில் பொந்துகளுக்குப் பஞ்சமே இல்லை.

பக்கத்துக்கு 3 அங்குலம், நாலு பக்கம். ஒரு ஜன்னலுக்கு ஓர் அடி தையல். கணக்கு வைத்துக்கொள்ள எவ்வளவு சௌகரியம் பாருங்கள்! இன்று ஆறு ஜன்னல், ஆறு அடி. ஒன்றுக்கு ஏறக்குறைய 35 நிமிஷம். முதல் ஜன்னலில் ஒரு வளைவு மட்டும் கொஞ்சம் தட்டை. விட்டுவிட்டேன்.

ஐந்தாம் நாள், விமானம்

கத்தரிக்கோல் விவகாரம். அமெரிக்காவில் விமானத்துக்குள் தையல் ஊசிக்குத் தடை இல்லை. கத்தரிக்கோலுக்குத் திருகாணியிலிருந்து முனை வரை 4 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். பிரிட்டனில் அலகு 6 செ.மீ. தாண்டக் கூடாது. மற்ற இடங்களுக்கு அந்தந்த நாட்டு விதியைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். விதி என்னவாக இருந்தாலும் கடைசி வார்த்தை பரிசோதனை மேசையில் நிற்பவருடையது. அவரோடு வாதாடி இதுவரை ஜெயித்தவர் யாரும் எனக்குத் தெரிந்து இல்லை. கழுத்தில் பதக்கம் மாதிரி தொங்கவிடும் வட்ட நூல்வெட்டியை நம்பாதீர்கள். உள்ளே பிளேடு ஒளிந்திருப்பதால் கத்தரிக்கோல் போகிற இடத்தில்கூட அதை நிறுத்திவிடுவார்கள்.

நான் கத்தரிக்கோலைப் பெட்டியில் போட்டு அனுப்பிவிட்டேன். கைப்பையில் காலியான பல்நூல் டப்பா ஒன்று, பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் நூல் வருமே அது. அதன் வாயில் இருக்கும் சின்னத் தகட்டுப் பல் தையல் நூலையும் பட்டென்று அறுக்கும். நானாகக் கண்டுபிடித்ததில்லை, பயணத்தில் தைக்கிறவர்களிடம் வெகுநாளாகப் புழங்கும் உபாயம். கூட்டைத் திறக்கச் சொன்னார் ஒரு பெண் அதிகாரி. நாலு ஊசியையும் பார்த்தார், தைத்த கூட்டத்தை எடுத்து விரித்துப் பார்த்தார், “இத எப்படி வளைச்சீங்க?” என்றார். பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. சொல்ல ஆசைதான். அக்கா என் முழங்கையைக் கிள்ளினாள்.

காத்திருக்கும் கூடத்தில் இரண்டு ஜன்னல், ஆகாயத்தில் ஒன்று. விமான இருக்கையில் இரண்டு முழங்கையும் உடம்போடு ஒட்டித்தான் இருக்க வேண்டும். நூலை இழுக்கும்போது கை பக்கத்து ஆளின் காது வரை போய்விடக் கூடாது என்று நூலைப் பாதியாகக் குறைத்துக்கொண்டேன். ஆகமொத்தம் ஒன்பது.

நேற்றுச் சொன்ன 35 நிமிஷத்தை நம்பி யாரும் திட்டம் போடாதீர்கள். அது மழை நாள் கணக்கு. இன்று ஒன்றுக்கு 50 நிமிஷம் ஆனது.

ஆறாம் நாள்

பகலில் ஊர் சுற்றல், மாலையில் அறை. கட்டில் மேல் நாலு கூட்டத்தையும் பரப்பி, தைக்காத துண்டுகளைச் சும்மா எடுத்து வைத்துப் பார்த்தோம். அக்காவிடம் கொடுத்ததுதான் தப்பு. பச்சையையெல்லாம் ஒரு மூலையில் குவித்து “தோட்டம்” என்றாள். சிவப்பு ஒன்றை நடுவில் வைத்து “இது வீடு” என்றாள். எனக்கு நிறங்கள் சிதறிக் கிடக்க வேண்டும். பழைய சட்டை, கைப்பிடி அளவு மிஞ்சிய பாவாடைத் துணி, தலையணை உறை என்று எங்கெங்கிருந்தோ வந்த துண்டுகள், அவை பிரிந்து உட்கார்ந்தால்தான் கண் மேயும். அரைமணி நேரம் வாக்குவாதம். ஒரு கூட்டம் அவளுக்கு, மூன்று எனக்கு என்று தீர்ந்தது. அடர்த்தியான நிறம்தான் வெள்ளைச் சட்டத்துக்கு நடுவே எடுக்கிறது, வெளிர்மஞ்சள் வைத்த இடம் ஓட்டை மாதிரி தெரிகிறது என்பதில் மட்டும் இரண்டு பேருக்கும் ஒரே அபிப்பிராயம்.

இந்த மடிப்பு வேறு பெயரிலும் இருக்கிறது. கொரியாவில் பொருள்களைச் சுற்றி மூடவும் கட்டிக் கொண்டுபோகவும் போஜாகி என்று ஒரு துணி உண்டு. அதில் யோயிஜுமுன் என்று ஒரு வேலைப்பாடு. முனைகளை நடுவுக்கு மடித்து, சட்டத்தை வளைத்துத் தைப்பது, இதே ஜாடை. யோயிஜு என்றால் நினைத்ததைத் தரும் மணி, டிராகனிடம் இருப்பது. நமக்கு அதைச் சொல்ல ஒரே வார்த்தை போதும்: சிந்தாமணி. தேவாலய ஜன்னல் என்பதைவிட எனக்கு இந்தப் பெயர்தான் பிடிக்கிறது. அக்காவிடம் சொன்னேன். “அப்போ ஊசியை நினைச்சுத் தை, கிடைக்குதா பார்ப்போம்” என்றாள்.

மூன்று ஜன்னல். பன்னிரண்டு.

ஏழாம் நாள், திரும்பும் ரயில்

பன்னிரண்டு மணி நேர ரயில் என்றதும் மிச்சம் நாலையும் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். பதின்மூன்றாவதில் பாதி ஆகும்போது எனக்கு ஜன்னலோர இருக்கை கிடைத்தது. கிடைத்ததும் வெளியே பார்க்கத் தொடங்கிவிட்டேன். ஒரு மணி நேரம் அப்படியே போனது. ஊசி துணியில் குத்தியபடி காத்திருந்தது.

பதினாலாவதைச் சாயங்காலம் முடித்தேன். வெளிச்சம் இறங்கியதால் நிறுத்தினேன். இன்னும் இரண்டு, அப்புறம் வீட்டில் எட்டு, ஆக மீதி பத்து. நூல்கண்டில் ஒரு சுற்றுக்கும் குறைவாகத்தான் மிச்சம். ஒரே கண்டு போதும் என்றேனே, அதைத் திருத்திக்கொள்கிறேன்.

எல்லாவற்றையும் எடுத்து வைக்கும்போது கூட்டின் மூடி கைதவறி மடியில் இருந்த துணி மேல் விழுந்தது. எடுத்தேன். மூடியோடு துணியும் சேர்ந்து எழுந்தது.

உதறினேன். விழவில்லை. அக்கா புத்தகத்தை மூடிவிட்டு என் பக்கம் திரும்பினாள். மூடியைப் பிடுங்கித் துணி மேல் மெதுவாக நகர்த்தினாள். ஒரே ஓர் இடத்தில் மட்டும் காந்தம் சுருக்கென்று பிடித்தது. ஊதாப் பூப்போட்ட ஜன்னல், விமானத்தில் தைத்தது. விரலால் அழுத்தினால் உள்ளே மெல்லிசாக, நீளமாக ஒரு நெருடல். பஸ்ஸில் அவசரமாகத் திணித்தபோது மடிப்பின் பொந்துக்குள் சறுக்கி, இரண்டு அடுக்குக்கு நடுவே படுத்துக்கொண்டிருக்கிறது. பஸ்ஸில் சீட்டைத் தடவினேன், தரையைத் தடவினேன், அத்தனை பேரின் காலைத் தூக்க வைத்தேன். மடியில் இருந்த துணியைத் தடவத் தோன்றவில்லை. அதன் மேலேயே நிதானமாக ஓர் அடி தையலும் போட்டிருக்கிறேன்.

காந்தத்தால் ஓரத்துக்கு இழுத்துவரப் பார்த்தோம். தையல் மறித்துக்கொண்டது. ஒரு பக்கத்துச் சட்டத்தைப் பிரித்தால்தான் வெளியே வரும், 3 அங்குலம், முப்பது தையல். பல்நூல் டப்பாவால் பிரிக்க முடியாது, கத்தரிக்கோல் பெட்டிக்குள், பெட்டி இருக்கைக்கு அடியில், அதன் மேல் வேறு யாருடைய மூட்டையோ.

“வீட்டுக்குப் போய்ப் பிரிச்சுக்கலாம், இப்போ மூடு” என்று சொல்லிவிட்டு அக்கா அந்த இடத்தில் சேஃப்டி பின் ஒன்றைக் குத்தி அடையாளம் வைத்தாள். பஸ்ஸில் காந்தத்தோடு வந்த அதே பின்.